தன்னார்வப் பணி, மானியம், தரவு: தருமபுரி, கிருஷ்ணகிரி அமைப்புகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மாலை வகுப்பு நடத்துகிறவர்கள், குடிநீர் சோதிக்கிறவர்கள், சுகாதாரப் பணி செய்கிறவர்கள், இவர்களுக்கு நிதி தருகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பயிற்சிகளில் வாய்வழியாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். தன்னார்வலர்களை ஒருங்கிணைக்கிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது. புள்ளியியல் படித்திருக்க வேண்டியதில்லை.

நாங்கள் சின்ன அமைப்பு. தரவு, ஆய்வு எல்லாம் பெரிய நிறுவனங்களுக்குத்தானே?

இந்த மண்ணில் இருந்துகொண்டு அப்படி நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டின் மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம் 1989இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, அப்போதைய ஒன்றுபட்ட தருமபுரி மாவட்டத்தில்தான் தொடங்கியது. யார் எவ்வளவு சேமித்தார், யாருக்கு எவ்வளவு கடன், எவ்வளவு திரும்பி வந்தது என்று குழுவில் எழுதிவந்த நோட்டுதான் அந்தக் குழுக்களை நிற்க வைத்தது. அந்த நோட்டை வைத்துத்தான் வங்கி கடன் கொடுத்தது, அதை வைத்துத்தான் குழுவுக்குள் சண்டை தீர்ந்தது.

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி 'மக்களைத் தேடி மருத்துவம்' கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. அதில் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துப் பதிகிறவர்கள் பெரும்பாலும் சுயஉதவிக் குழுப் பெண்கள். அதே ஆண்டு, தன்னார்வலர்கள் மாலை வகுப்பு நடத்தும் 'இல்லம் தேடிக் கல்வி' முதலில் சோதனையாக நடந்த மாவட்டங்களில் கிருஷ்ணகிரியும் ஒன்று. ஆக, எண்களைப் பதிவது நம் பக்கத்துத் தன்னார்வலர்களுக்குப் பழக்கமான வேலை. எழுதிய நோட்டை மறுபடி திறந்து, அதை வைத்து ஒரு முடிவு எடுப்பதுதான் இன்னும் பழக்கமாகவில்லை. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியவை.

சரி, என்னென்ன தகவலைச் சேகரிக்க வேண்டும்?

ஃபார்ம் எழுதுவதற்கு முன்னால் வேறொரு பட்டியல் எழுதுங்கள். அடுத்த ஆறு மாதத்தில் உங்கள் அமைப்பு எடுக்க வேண்டிய முடிவுகள் எவை? உதாரணத்துக்கு: எந்த ஊரில் புது மையம் தொடங்குவது, எந்தத் தன்னார்வலருக்கு மறுபயிற்சி தருவது, எந்த மையத்தை மூடுவது, மாலை ஐந்து மணி வகுப்பை ஆறுக்குத் தள்ளலாமா, வாங்கிய புத்தகங்கள் போதுமா. ஒவ்வொரு முடிவுக்கும் எந்தத் தகவல் தெரிந்தால் உங்கள் மனம் மாறும் என்று யோசியுங்கள். அந்தத் தகவலை மட்டும் ஃபார்மில் வையுங்கள்.

இப்படிச் சலித்தால் பாதிக் கேள்விகள் உதிர்ந்துவிடும். தந்தையின் தொழில், தாயின் கல்வி, வீட்டில் டிவி உண்டா, கூரை ஓடா ஓலையா என்று நீளும் ஃபார்ம்களை நிறையப் பார்க்கிறோம். எங்கேயோ கிடைத்த பழைய மாதிரியிலிருந்து எடுத்திருப்பார்கள். பென்னாகரம் பக்கம் வேலை முடிந்து வந்த ஒரு தாயை நிறுத்தி வைத்து நாற்பது கேள்வி கேட்பது அவருடைய நேரத்தை எடுத்துக்கொள்வது. அந்தப் பதில்களை யாரும் படிக்கப் போவதில்லை என்றால் அது அவரை அவமதிப்பதும்கூட. 'இந்தப் பதிலை வைத்து யார், எப்போது, என்ன செய்வார்?' என்று ஒவ்வொரு கேள்வியையும் பார்த்துக் கேளுங்கள். பதில் இல்லாத கேள்வியை அடித்துவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. நிதி தருபவரோ அரசோ கட்டாயமாகக் கேட்கும் விவரங்களை அடிக்க முடியாது. ஆனால் அவற்றைத் தனித் தாளில் வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் எடுக்கலாம். ஒவ்வொரு மாதமும் தன்னார்வலர் தலையில் கட்ட வேண்டாம்.

எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், எத்தனை வகுப்பு நடந்தது என்று எழுதுகிறோம். அது போதாதா?

அது வேலை நடந்ததற்கான கணக்கு. தேவைதான். ஆனால் பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்பதை அது சொல்லாது. இருபது பிள்ளைகள் தினமும் வந்து, ஆண்டு முடிவிலும் ஒரு பத்தியைப் படிக்கத் திணறினால் வருகைப் பதிவேடு அழகாகத்தான் இருக்கும்.

படிப்பை அளக்கப் பெரிய தேர்வு வேண்டாம். 2005 முதல் 'அசர்' என்ற பெயரில் நாடு முழுக்க நடக்கும் கல்வி நிலைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தன்னார்வலர்களே வீட்டுக்குப் போய்ப் பிள்ளையின் கையில் ஒரு தாளைக் கொடுக்கிறார்கள். அதில் எழுத்துகள், சொற்கள், முதல் வகுப்பு அளவிலான பத்தி, இரண்டாம் வகுப்பு அளவிலான கதை எல்லாம் இருக்கும். பிள்ளை எதுவரை தடையில்லாமல் படிக்கிறதோ அதுதான் அதன் நிலை. ஒரு பிள்ளைக்குச் சில நிமிடங்கள் போதும். கணக்குக்கும் இதே மாதிரி எண் அறிதல், கழித்தல், வகுத்தல் என்று படிகள் உண்டு.

இந்த முறையில் எனக்குப் பிடித்த விஷயம், அளந்து முடித்ததுமே அடுத்து என்ன செய்வது என்று தன்னார்வலருக்குத் தெரிந்துவிடுகிறது. சொல் படிக்கும் ஆறு பேர் ஒரு குழு, பத்தி படிக்கும் ஐந்து பேர் இன்னொரு குழு. மறுநாள் வகுப்பை அப்படியே பிரித்து உட்கார வைக்கலாம். மதிப்பெண் பட்டியலாக இருந்திருந்தால் அது அலுவலகத்துக்குப் போய் அலமாரியில் தூங்கும்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒன்றைக் கவனியுங்கள். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதோ பேசும் பிள்ளைகள் அங்கே நிறையப் பேர். தமிழ்ப் பத்தியில் திணறுகிற பிள்ளைக்குப் படிக்கத் தெரியவில்லையா, தமிழ் பழக்கமில்லையா என்று பிரித்து எழுத ஃபார்மில் இடம் வேண்டும். பள்ளியில் எந்த மொழி வழியில் படிக்கிறார் என்று ஒரு கட்டம் போட்டாலே பெரும்பாலும் போதும்.

தொடக்கத்தில் அளந்தோம், ஆறு மாதம் கழித்து அளந்தோம். நல்ல முன்னேற்றம். இது எங்கள் வகுப்பால்தான் என்று எழுதலாமா?

முன்னேற்றம் இருக்கிறது என்று எழுதலாம். முழுவதும் உங்களால்தான் என்று எழுத அது மட்டும் போதாது. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அறிக்கைகளில் மிக அதிகமாகத் தவறுவது இங்கேதான்.

நம் மாநிலத்திலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடியிருந்த பிறகு, தமிழ்நாட்டின் கிராமப்புறங்களில் சுமார் 19,000 தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளை அபிஜித் சிங், மௌரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய ஆய்வாளர்கள் தொடர்ந்து அளந்தார்கள். இழந்த படிப்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டிருந்தது. அந்த மீட்சியில் இல்லம் தேடிக் கல்வி வகுப்புகளின் பங்கு சுமார் 24 சதவீதம் என்று கணக்கிட்டார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் ஒரு மையம் தன் பிள்ளைகளை மட்டும் முன்னும் பின்னும் அளந்திருந்தால், அந்த முழு முன்னேற்றத்தையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டிருக்கும். பெரும்பகுதி பள்ளி திறந்ததால் வந்தது என்பது தெரிந்திருக்காது. அதே நேரம், ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு என்பது சாதாரண விஷயமும் இல்லை. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில், மாலை நேரத்தில், திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் தன்னார்வலர்கள் நடத்திய வகுப்புகளால் கிடைத்த பலன் அது. ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் அந்த உழைப்புக்கு நம்பகமான ஒரு எண் கிடைத்தது. ஒப்பீடு உங்கள் பணியைச் சிறுமைப்படுத்திவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு இதைத்தான் நான் காட்டுவேன்.

சின்ன அமைப்பு என்ன செய்யலாம்? பத்து ஊர்கள் மையம் கேட்கின்றன, உங்களிடம் ஐந்து ஊருக்குத்தான் ஆள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் குலுக்கிப் போடுங்கள். முதல் ஐந்து ஊருக்கு இந்த ஆண்டு, மற்ற ஐந்துக்கு அடுத்த ஆண்டு. பத்து ஊரிலும் தொடக்கத்திலும் முடிவிலும் அளந்துவிடுங்கள். யாருக்கும் சிபாரிசு இல்லை என்பதால் மனக்கசப்பும் குறையும், நல்ல ஒப்பீடும் கிடைக்கும். குலுக்க முடியாவிட்டால், பள்ளி, தூரம், வாழ்வாதாரம் எல்லாம் ஏறக்குறைய ஒத்த பக்கத்து ஊரையாவது சேர்த்து அளந்து வையுங்கள். அது குலுக்கலுக்கு ஈடாகாது, ஆனால் ஒன்றுமில்லாததற்கு எவ்வளவோ மேல்.

இன்னொரு பொறி: ஒரே ஒரு தேர்வில் மிகக் குறைவாக வாங்கிய பிள்ளைகளை மட்டும் தேர்ந்தெடுத்தால், மறுமுறை அளக்கும்போது அவர்கள் ஓரளவு தானாகவே உயர்ந்து தெரிவார்கள். அன்றைக்குக் காய்ச்சலாக இருந்த பிள்ளையும் அந்தப் பட்டியலில் இருக்குமல்லவா?

பருவத்தையும் பாருங்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழப் பருவத்தில் தோப்பு வேலையும் கூழ்த் தொழிற்சாலை வேலையும் குடும்பங்களை இழுத்துக்கொள்ளும். அப்போது ஒருமுறையும் அமைதியான மாதத்தில் ஒருமுறையும் அளந்து இரண்டையும் ஒப்பிட்டால், வித்தியாசம் வகுப்பால் வந்ததா பருவத்தால் வந்ததா என்று சொல்ல முடியாது.

எத்தனை வீடுகளைக் கேட்டால் போதும்?

குலுக்கித் தேர்ந்தெடுத்த 100 வீடுகளைக் கேட்டால், கிடைக்கும் சதவீதம் உண்மையிலிருந்து ஏறக்குறைய 10 புள்ளி மேலேயோ கீழேயோ இருக்கலாம். 400 வீடு கேட்டால் அது 5 புள்ளியாகக் குறையும். துல்லியத்தை இரட்டிப்பாக்க நான்கு மடங்கு வேலை. ஒன்றியத்தில் பத்தாயிரம் வீடு இருந்தாலும் ஐம்பதாயிரம் வீடு இருந்தாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. ஒரே ஊரில் கொத்தாக எடுத்தால் பிழை இன்னும் கூடும். அதனால்தான் அசர் கணக்கெடுப்பு மாவட்டத்துக்கு 30 ஊர், ஊருக்கு 20 வீடு என்று பரப்பி எடுக்கிறது.

எண்ணிக்கையைவிட எனக்குக் கவலை தருவது தேர்வு. பேருந்து நிற்கும் ஊர், சாலையோர வீடு, அறிமுகமான தெரு என்றுதான் கால் போகும். சித்தேரி மலையின் உள்ளூர்கள், வத்தல்மலை, பெட்டமுகிலாளத்தைச் சுற்றியுள்ள குக்கிராமங்கள், ஊருக்கு வெளியே இருக்கும் காலனி, இருளர் குடியிருப்பு எல்லாம் பட்டியலிலிருந்து தானாகவே விழுந்துவிடும். தேவை அதிகமாக இருப்பதும் பெரும்பாலும் அங்கேதான். எனவே வீட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் குக்கிராமங்களின் முழுப் பட்டியலையும் எழுதுங்கள். அதிலிருந்து குலுக்கி எடுங்கள். பூட்டிய வீடு வந்தால் பக்கத்து வீட்டுக்குப் போகாமல் இன்னொரு நாள் திரும்பிப் போங்கள். வேலைக்காக பெங்களூருக்கோ திருப்பூருக்கோ போய்விட்ட குடும்பம் பூட்டிய வீடாகத்தான் தெரியும். பிள்ளை தாத்தா பாட்டியோடு இருக்கிறதா, கூடவே போய்விட்டதா என்பது உங்கள் திட்டத்துக்கு அவசியமான செய்தி.

மொத்தம் 12 பிள்ளைகள் உள்ள மையத்துக்குச் சதவீதம் போடாதீர்கள். '12 பேரில் 9 பேர்' என்று எழுதுங்கள்.

அரசிடம் ஏற்கெனவே உள்ள தரவைப் பயன்படுத்தலாமா?

முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஊர்வாரியாக விவரம் கிடைக்கும். அதன்படி தருமபுரியின் எழுத்தறிவு 68.5 சதவீதம், மாநிலத்திலேயே மிகக் குறைவு. கிருஷ்ணகிரி 71.5 சதவீதம். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் மாவட்டவாரி அட்டவணை உண்டு. பள்ளி விவரங்களுக்கு 'யுடைஸ்' என்ற அரசின் பள்ளித் தரவுத்தளம். வட்டார வள மையத்தில் மரியாதையாகக் கேட்டாலே பல விவரம் கிடைக்கும். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

இரண்டு எச்சரிக்கை. 2011 எண்கள் மிகப் பழையவை. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால்தான் இன்னும் அவற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். ஓசூரைச் சுற்றி மக்கள்தொகை எப்படி மாறியிருக்கிறது என்று கண்ணாலேயே தெரிகிறது. இரண்டாவது, கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில். அதற்கு முந்தைய 'தருமபுரி' எண் எதை எடுத்தாலும் அதில் இன்றைய கிருஷ்ணகிரியும் சேர்ந்திருக்கும். 2001 தருமபுரியையும் 2011 தருமபுரியையும் அப்படியே பக்கத்தில் வைத்து வளர்ச்சி, வீழ்ச்சி என்று எழுதிய விண்ணப்பங்கள் உண்டு. புள்ளிவிவரம் தெரிந்த நிதி அதிகாரி அதைப் பார்த்ததும் மற்ற பக்கங்களையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்.

எங்கள் தன்னார்வலர்கள் குடிநீரில் ஃப்ளோரைடு சோதிக்கிறார்கள். அதை எப்படிப் பதிவது?

இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு நெடுநாள் துயரம். ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் திறக்கப்பட்டதற்குக் காரணமே அதுதான். இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை. அதற்கு மேல் போனால் பல்லில் கறை, நெடுநாளில் எலும்பில் வளைவு.

பதியும்போது ஊர்ப் பெயர் மட்டும் போதாது. ஒரே தெருவில் இரண்டு ஆழ்துளைக் கிணற்றின் அளவு வெவ்வேறாக இருக்கும். ஒவ்வொரு கிணற்றுக்கும் குழாய்க்கும் ஒரு எண் கொடுங்கள், அதைப் பெயிண்டில் எழுதிவிடுங்கள். அதே கிணற்றைக் கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை சோதியுங்கள். கிட்டில் வரும் நிறத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்வதில் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் இருவர் தனித்தனியாகப் பார்த்து எழுதட்டும், சில மாதிரிகளை ஆய்வகத்துக்கும் அனுப்புங்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் கள ஆய்வுக் கிட் பயிற்சி தர வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் ஊரில் அவர்கள் யார் என்று கேட்டு அவர்களோடு சேர்ந்து செய்வது நல்லது.

ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வருகிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். சமையலுக்கும் குடிக்கவும் எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள். குழாய்த் தண்ணீர் வராத நாளில் பழைய ஆழ்துளைக் கிணற்றுக்குத் திரும்புகிற வீட்டை அப்போதுதான் கண்டுபிடிக்க முடியும்.

காகிதமா, கைபேசியா?

சிக்னல் உள்ள இடத்தில் கூகுள் ஃபார்ம் போதும். மலையூர்களுக்கு கோபோ டூல்பாக்ஸ், ஓ.டி.கே. போன்ற கைபேசிச் செயலிகளை எடுத்துப் போங்கள். சிக்னல் இல்லாமலே நிரப்பி, கீழே இறங்கிய பிறகு அனுப்பலாம். கைபேசி சங்கடமாக இருக்கும் தன்னார்வலருக்கு நோட்டே நல்லது, மாதக் கடைசியில் ஒருவர் எக்செலில் ஏற்றலாம்.

தன்னார்வலர்கள் பாதியில் நின்றுவிடுகிறார்கள். தரவு ஏதாவது உதவுமா?

நிறையவே உதவும். ஆனால் இதைத்தான் யாரும் பதிவதில்லை. பயனாளிகளைப் பற்றி இருபது கட்டம் இருக்கும், தன்னார்வலரைப் பற்றிப் பெயரும் போன் நம்பரும்தான் இருக்கும்.

சேர்ந்த தேதி, கடைசியாக வேலை செய்த தேதி, வீட்டிலிருந்து மையத்துக்கு எவ்வளவு தூரம், யார் அழைத்து வந்தார்கள், ஏன் நின்றார் என்று இவ்வளவு மட்டும் எழுதுங்கள். ஓராண்டு சேர்ந்ததும் நின்ற மாதங்களை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். கூட்டமாக நிற்கும் மாதங்கள் தெரியும். கல்லூரித் தேர்வு, அரசுப் பணித் தேர்வு அறிவிப்பு, ஓசூர் கம்பெனிகளில் ஆள் எடுக்கும் நேரம், கல்யாண மாதங்கள் என்று காரணம் ஊருக்கு ஊர் மாறும். தெரிந்துவிட்டால் அந்த மாதத்துக்கு முன்பே மாற்று ஆளைத் தயார் செய்யலாம். சேர்ந்து இரண்டே மாதத்தில் நிற்பவர்கள் அதிகம் என்றால் பயிற்சியையும் தேர்வையும் பாருங்கள். ஓராண்டு கழித்து நிற்கிறார்கள் என்றால் அது வேறு கதை, அவர்களுக்கு அடுத்த படி எதுவும் நீங்கள் காட்டவில்லை.

நின்றவரிடம் காரணம் கேட்கும் பொறுப்பை அவருடைய ஒருங்கிணைப்பாளரிடம் கொடுக்காதீர்கள். காரணம் அந்த ஒருங்கிணைப்பாளராகவே இருக்கலாம். இளம்பெண்கள் பலர் 'வீட்டில் விடவில்லை' என்று சொல்வார்கள். அதற்குள் இருப்பது இருட்டிய பிறகு திரும்பி வரும் பாதையா, ஊக்கத்தொகை தாமதமா, யாரோ சொன்ன சொல்லா என்று நிதானமாகப் பேசினால்தான் வெளிவரும். பாதை என்றால் நேரத்தை மாற்றிவிடலாம். அதற்குப் பணமே தேவையில்லை.

நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களை நம்பியிருக்கும் அமைப்புகள் ஒன்றை நினைவில் வையுங்கள்: அவர்களுக்கு ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டு. உங்கள் திட்டத்தை அந்த அளவுக்குள் வெட்டித் தையுங்கள்.

பொய்யாக எழுதினால் எப்படிக் கண்டுபிடிப்பது?

பத்தில் ஒரு வீட்டுக்கு வேறொருவர் மறுபடி போய் இரண்டு மூன்று கேள்வியை மட்டும் கேட்டு ஒத்துப் பாருங்கள். வருகை தினமும் சரியாக இருபது என்று இருந்தாலோ, எல்லாச் சோதனையும் ஒரே அளவைக் காட்டினாலோ போய்ப் பாருங்கள்.

ஆனால் பொய் ஏன் வருகிறது? 20 பிள்ளை இல்லாவிட்டால் மையம் போய்விடும் என்று சொல்லி வைத்தால் 20 என்றுதான் எழுதுவார்கள். 14 என்று உண்மையாக எழுதியவரை மாதக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்டால், அடுத்த மாதம் மற்றவர்களும் 20 எழுதக் கற்றுக்கொள்வார்கள். 14 என்று எழுதியவரிடம் 'மீதி ஆறு பேர் எங்கே போனார்கள், நாம் என்ன செய்யலாம்?' என்று கேட்கும் அமைப்பில்தான் உண்மை எண் வரும்.

கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) நிதிக்கு விண்ணப்பிக்கிறோம். அவர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள்?

சட்டம் முதலில். 2013 நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆவது பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய், இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. ஓசூர், சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி என்று சிப்காட் வளாகங்கள் உள்ள நம் பக்கத்துக்கு அது சாதகம்.

உங்கள் அமைப்புக்கு வருமான வரிச் சட்டத்தின் 12ஏ, 80ஜி பதிவும், சி.எஸ்.ஆர். பணம் வாங்க 2021 ஏப்ரல் முதல் கட்டாயமான சி.எஸ்.ஆர்.-1 பதிவும் வேண்டும். கம்பெனியோ அரசோ தொடங்காத அமைப்பு என்றால் இதே வகைப் பணியில் மூன்றாண்டு அனுபவமும் தேவை. அந்த மூன்றாண்டை எதை வைத்து நிரூபிப்பீர்கள்? பழைய பதிவேடுகளை வைத்துத்தான்.

தாக்க மதிப்பீடு, அதாவது திட்டத்தால் உண்மையில் என்ன மாறியது என்று ஆராய்வது, என்ற சொல்லைக் கேட்டுப் பலர் மிரள்கிறார்கள். சட்டப்படி அது, முந்தைய மூன்று நிதியாண்டுகளில் சராசரியாக 10 கோடி ரூபாயோ அதற்கு மேலோ சி.எஸ்.ஆர். கடமை இருந்த கம்பெனி, 1 கோடியோ அதற்கு மேலோ செலவிட்ட திட்டங்களுக்கு மட்டும். ஐந்து லட்ச ரூபாய் மாலை வகுப்புத் திட்டத்துக்கு அது கட்டாயமில்லை. உங்களிடம் அவர்களுக்கு வேண்டியது தெளிவான மூன்று விஷயம்: இப்போது நிலைமை என்ன, நீங்கள் எதை எவ்வளவு மாற்றப் போகிறீர்கள், அதை எப்படி அளப்பீர்கள். கம்பெனியின் நிதித் தலைவர் பணம் சரியாகச் செலவானது என்று சான்றளிக்க வேண்டியிருப்பதால், ஆடிட்டர் கையெழுத்திட்ட பயன்பாட்டுச் சான்றிதழை நாள் தவறாமல் கொடுங்கள்.

'ஆயிரம் குழந்தைகளின் வாழ்வில் ஒளி' போன்ற வரிகளை எடுத்துவிடுங்கள். 'கெலமங்கலம் ஒன்றியத்தில் எங்கள் எட்டு மையங்களில் 4, 5ஆம் வகுப்புப் பிள்ளைகளில் எத்தனை பேர் பத்தி படிக்கவில்லை என்று ஜூலையில் அளந்தோம், பட்டியல் இணைப்பில்' என்று எழுதும் விண்ணப்பம் மேசையில் தனியாகத் தெரியும்.

ஆய்வுச் சான்று என்று சிலர் கேட்கிறார்களே, அது என்ன?

நீங்கள் செய்யும் முறை பலன் தரும் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கிறார்கள். அமெரிக்காவில் தன்னார்வச் சேவைக்கு நிதி தரும் அரசு அமைப்பான அமெரிகார்ப்ஸ், விண்ணப்பங்களை ஆதாரத்தின் வலிமையை வைத்து வலுவானது, நடுத்தரம், தொடக்க நிலை என்று தரம் பிரிக்கிறது. பெரிய தொகை வாங்கும் அமைப்புகள் வெளியார் ஒருவரை வைத்து மதிப்பீடு செய்ய வேண்டும். சின்னத் தொகை வாங்குகிறவர்கள் தாங்களே செய்துகொள்ளலாம். தொகைக்கு ஏற்ற ஆதாரம் என்ற அந்த அளவுகோல் நியாயமானது. இங்கேயும் நிதி தருபவரிடம் அதை எடுத்துச் சொல்லுங்கள்.

பட்ஜெட்டில் தரவுக்கு எவ்வளவு போடலாம்?

5 முதல் 10 சதவீதம் என்று நான் எழுதச் சொல்வேன். பயணப்படி, ரீசார்ஜ், மறுசரிபார்ப்புக்கான கூலி என்று பிரித்துக் காட்டுங்கள். தனி வரியாகக் கேட்காவிட்டால் அது தன்னார்வலரின் சொந்தப் பையிலிருந்து போகும்.

தன்னார்வலர்களின் உழைப்புக்கு ரூபாய் மதிப்புப் போடலாமா?

போடலாம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011இல் வெளியிட்ட கையேட்டில் முறை இருக்கிறது. அந்த வேலையைக் கூலிக்கு ஆள் வைத்துச் செய்தால் என்ன ஆகுமோ, அதை மணி நேரத்தால் பெருக்குவது. அதை அறிக்கையில் தனியாகக் காட்டுங்கள், வந்த பணத்தோடு கலக்காதீர்கள்.

நாங்களே ஊர்க் குழுக்களுக்குச் சிறு மானியம் கொடுக்கிறோம். யாருக்குக் கொடுப்பது என்று எப்படி முடிவு செய்வது?

விண்ணப்பம் வாங்கும் முன்பே அளவுகோலை அறிவியுங்கள். மூன்று பேர் தனித்தனியாக மதிப்பெண் போட்ட பிறகு கூடிப் பேசுங்கள். முதலிலேயே கூடினால் மூத்தவர் சொன்னதுதான் எல்லோருடைய கருத்தாகவும் ஆகிவிடும். நன்றாக எழுதப்பட்ட விண்ணப்பத்துக்கும் நன்றாக வேலை செய்யும் குழுவுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. எழுத வராத குழுக்களிடம் நேரில் போய்க் கேட்டு நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆண்டு முடிவில், அதிக மதிப்பெண் வாங்கியவர்கள்தான் நன்றாகச் செய்தார்களா என்று பழைய தாளை எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் அளவுகோலை மாற்றுங்கள்.

வெளிநாட்டு நிதி என்றால் கவனம். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தரக் கூடாது, நிர்வாகச் செலவும் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

பலன் இல்லை என்று தரவு சொன்னால்? நிதி நின்றுவிடாதா?

மறைத்தால் நிற்பதுதான் அதிகம். மூன்றாம் ஆண்டு வெளியார் யாராவது வந்து கண்டுபிடிக்கும்போது உங்கள் சொல்லுக்கே மதிப்புப் போய்விடும். ஆறாம் மாதமே நிதி தருபவரிடம் போய், இது நடக்கவில்லை, இதனால் என்று நினைக்கிறோம், மீதிப் பணத்தை இப்படி மாற்றிச் செலவிட அனுமதி வேண்டும் என்று கேளுங்கள். ஒப்பந்தம் எழுதும்போதே நடுவில் ஒரு மறுபார்வைக்கு இடம் கேட்டு வைத்தால் இது இன்னும் சுலபம்.

நிதி தருபவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நல்ல செய்தியை மட்டும் பாராட்டினால் நல்ல செய்தி மட்டுமே வந்துகொண்டிருக்கும். வத்தல்மலையில் ஒரு மையத்தை நடத்துவதும் தருமபுரி நகரில் ஒன்றை நடத்துவதும் ஒன்றல்ல. ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவை மட்டும் பார்த்து இரண்டையும் ஒப்பிட்டால், அடுத்த ஆண்டு எல்லோரும் மலையை விட்டு இறங்கிவிடுவார்கள்.

பிள்ளைகளின் பெயர், ஆதார், புகைப்படம் எல்லாம் வாங்கலாமா?

ஆதார் எண் உங்களுக்குத் தேவையே இல்லை, வாங்காதீர்கள். மையத்துக்குள் ஒரு வரிசை எண் போதும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. ஒரு தாளில் கையெழுத்து மட்டும் வாங்காமல், எதற்காக, யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்போம் என்று அவர்கள் மொழியில் சொல்லுங்கள். பெயரும் மதிப்பெண்ணும் சேர்ந்த பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள்.

வேறொன்றையும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். நம் மாவட்டங்களில் வீடு வீடாகப் போகிறவர்களின் காதில் குழந்தைத் திருமண ஏற்பாடு விழலாம். அது கணக்கெடுப்பில் ஒரு கட்டமாக மட்டும் நின்றுவிடக் கூடாது. யாரிடம் சொல்வது, குழந்தைகள் உதவி எண் 1098க்கு யார் அழைப்பது, சொன்ன தன்னார்வலரின் பெயர் வெளியே வராமல் எப்படிப் பார்ப்பது என்று பயிற்சியிலேயே பேசிவிடுங்கள். குழந்தை மீதான பாலியல் குற்றம் என்றால் தெரிந்தவர் தெரிவித்தே ஆக வேண்டும் என்று போக்சோ சட்டம் சொல்கிறது.

இதையெல்லாம் யார் கணக்குப் போடுவது?

கூட்டல், சராசரி, ஒரு பட்டை வரைபடம் போதும். பக்கத்துக் கலைக் கல்லூரியின் புள்ளியியல், பொருளியல், சமூகப்பணித் துறைகளில் கேளுங்கள், மாணவர்களுக்கு ஆய்வுத் தலைப்புத் தேவைப்படும். பெயர்களை நீக்கிவிட்டுக் கொடுங்கள். முடிவை உங்களுக்குத் தமிழில் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

முடிவுகளை ஊருக்கு எப்படிச் சொல்வது?

முதலில் எழுதிய தன்னார்வலர்களுக்கு. மாதக் கூட்டத்தில் போன மாத எண்களைச் சுவரில் ஒட்டி, அவர்களையே விளக்கச் சொல்லுங்கள். 'அந்த வாரம் மாரியம்மன் திருவிழா, அதான் வருகை குறைவு' என்று அவர்கள் சொல்லும் ஒரு வரி, எக்செல் சொல்லாததைச் சொல்லும்.

ஊருக்குச் சொல்லக் கிராம சபை இருக்கிறது. ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தண்ணீர் சோதனை முடிவுக்கு மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம் பொருத்தமான நாள், கோடை தொடங்கும் நேரமும்கூட. கிணற்று எண், இடம், அளவு என்று மூன்றே நெடுவரிசை உள்ள பெரிய சார்ட் ஒன்று எடுத்துப் போங்கள். 1.5க்கு மேல் உள்ளதைச் சிவப்பில் எழுதுங்கள். சோதித்த பெண்களே படித்துச் சொல்லட்டும். அந்தக் கிணறுகளுக்கு மாற்று ஏற்பாடு கேட்டுத் தீர்மானம் போடச் சொல்லுங்கள், தீர்மானப் புத்தகத்தில் கிணற்று எண் எழுதப்பட்டதா என்று கையெழுத்துப் போடும் முன் பாருங்கள். அடுத்த கூட்டமான மே 1 அன்று அதே எண்ணைச் சொல்லி, என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.